வழுக்கும் கால், பிடிக்கும் விரல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் வன்னியம்பட்டி விலக்கு வருகிறது. அங்கே ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். மழை பெய்து ஓய்ந்த நேரம். வாசல் டைல்ஸ் மேல் தண்ணீர் நிற்கிறது. சாமான் வாங்க வந்தவர் செருப்புக் காலை எடுத்து வைத்ததும் சர்ரென்று வழுக்குகிறது; நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறார். உள்ளே கல்லாவில் இருப்பவரோ ஈரப் பஞ்சைத் தொட்டுத் தொட்டு ரூபாய் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். விரல் காய்ந்தால் நோட்டு நழுவுகிறது, ஈரம் பட்டால் ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது.

இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே தண்ணீர். வாசலில் அது காலை வாருகிறது, கல்லாவில் பிடிப்பைக் கொடுக்கிறது. தண்ணீர் வழுக்கும் பொருளா, ஒட்டவைக்கும் பொருளா?

இந்தக் கேள்வியைத் தினமும் நேரில் சந்திக்கிறவர்கள் பவுலிங் ஆட்டக்காரர்கள். இது கிரிக்கெட் பவுலிங் அல்ல. கனமான பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். சென்னையின் பெரிய வணிக வளாகங்களுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். 1978இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டிலேயே இது இடம்பெற்றது. தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் இதில் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். இந்த ஆட்டக்காரர்கள் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்டால் பதறுவார்கள். வழுக்கிவிடுமே என்ற பயம் அல்ல அது. கால் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம்.

தொடுவது கொஞ்சம்தான்

இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று தேய்த்து நகரும்போது அந்த நகர்வை எதிர்க்கும் விசைக்கு உராய்வு என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் படித்திருக்கிறோம். நிற்கும் பொருளை அசைக்கத் தொடங்கும்போது எதிர்ப்பது நிலை உராய்வு. நகரத் தொடங்கிய பிறகு எதிர்ப்பது இயக்க உராய்வு. பெரும்பாலும் முன்னது பெரிது. பீரோவை நகர்த்தும்போது முதல் தள்ளலுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்குகிறது.

லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் உராய்வைப் பற்றி எழுதி வைத்திருந்தார். 1699இல் பிரான்சின் அமோந்தோன் இரண்டு விதிகளைச் சொன்னார். எடை இரண்டு மடங்கானால் உராய்வும் இரண்டு மடங்காகும். ஆனால் தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பதால் உராய்வு மாறாது. 1785இல் கூலோம் இவற்றை விரிவாகச் சோதித்தார். இரண்டாம் விதி எவரையும் திகைக்க வைக்கும். ஒரு செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும், பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தாலும் ஏறத்தாழ ஒரே பலம்தான் தேவைப்படுகிறது.

இதற்கான விளக்கம் கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் கண்டது இதுதான்: கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இரண்டு பரப்புகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மேட்டு முனைகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. செங்கல்லின் முகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உண்மையில் தொடும் இடம் அதில் மிகச் சிறிய பங்குதான். எடை கூடினால் முனைகள் நசுங்கி, தொடும் இடம் கூடுகிறது. உராய்வும் கூடுகிறது.

ஆகவே, உராய்வு என்பது தரைக்கு மட்டும் சொந்தமான குணம் இல்லை, செருப்புக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. இரண்டும் சேர்ந்த ஜோடிக்கு உரியது அது. அந்த ஜோடிக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பொருள் புகுந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

கொஞ்சம் ஈரம், நிறைய ஈரம்

வன்னியம்பட்டிக் கடைக்கே இந்த அறிவோடு திரும்பலாம். டைல்ஸும் செருப்பின் அடியும் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. குதிகால் வேகமாக வந்து இறங்கும்போது நடுவில் உள்ள தண்ணீர் விலகி ஓட நேரம் கிடைப்பதில்லை. மெல்லிய நீர்ப்படலம் மேட்டு முனைகளைத் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. கால் படலத்தின் மேல் மிதந்து போகிறது.

விரலின் தோல் வேறு வகை. அது தண்ணீரைக் குடிக்கும். கொஞ்சம் ஈரம் பட்டதும் தோலின் மேலடுக்கு மென்மையாகி, நோட்டின் மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பொருந்துகிறது. தொடும் இடம் பல மடங்கு பெருகுகிறது. விரலைத் தண்ணீரில் முக்கி எடுத்து எண்ணினால் மறுபடி வழுக்கும். உறிஞ்சும் பரப்பில் கொஞ்சம் ஈரம் பிடிக்கும், நிறைய ஈரம் வழுக்கும்; உறிஞ்சாத பரப்பில் படலம் நின்றாலே வழுக்கும். புதிருக்கு விடை இவ்வளவுதான்.

ராஜபாளையத்தின் நூற்பாலைத் தொழிலாளர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அந்த ஊரின் வாழ்க்கையே பஞ்சைச் சுற்றி அமைந்தது. பஞ்சு இழைகளை முறுக்கி நூலாக்கும்போது பசை எதுவும் சேர்ப்பதில்லை. விரல் நீளம்கூட இல்லாத இழைகளை ஒரே நூலாகப் பிடித்து வைத்திருப்பது அவற்றுக்கு இடையிலான உராய்வு ஒன்றுதான். அதனால்தான் ஆலைக்குள் காற்றின் ஈரத்தை அளந்து வைக்கிறார்கள். காற்று வறண்டால் இழைகளில் மின்னேற்றம் சேர்ந்து அவை சிலிர்த்து விலகுகின்றன, நூல் அறுகிறது. ஈரம் அளவு மீறினால் பஞ்சு உருளைகளில் ஒட்டிச் சுற்றிக்கொள்கிறது.

கடைசி அடி

பவுலிங் கூடத்தில் பந்து உருளும் நீண்ட பாதைக்கு லேன் என்று பெயர். எல்லைக்கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்டக்காரர் நடந்துவரும் இடம் குறைந்தது 15 அடி நீளம் இருக்க வேண்டும். ‘அப்ரோச்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்த இடத்தை இங்கே அணுகுதளம் என்போம். பந்து 16 பவுண்டு வரை இருக்கலாம், அதாவது ஏழேகால் கிலோ.

நான்கு அல்லது ஐந்து அடி வைத்து வந்து, கடைசி அடியில் ஆட்டக்காரர் ஒரு காலில் சறுக்கியபடியே பந்தை விடுகிறார். வலக்கைக்காரர் இடக்காலில் சறுக்குவார். அதற்கென்றே அவருடைய இடது ஷூவின் அடியில் தோலோ, தோல் போன்ற மெத்தென்ற துணியோ ஒட்டியிருக்கும். வலது ஷூவின் அடியில் ரப்பர், அது உந்துவதற்கு. ஒரே ஜோடி ஷூவில் ஒன்று வழுக்க வேண்டும், மற்றொன்று பிடிக்க வேண்டும்! கூடங்களில் வாடகைக்குத் தரும் ஷூக்களில் இரண்டு அடிகளுமே சறுக்கும்படி இருக்கும். எந்தக் கைக்காரரும் போட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா.

சறுக்குவது அழகுக்காக என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். அப்படியில்லை. வேகமாக வரும் உடம்பைச் சட்டென்று நிறுத்தினால் முட்டி அந்த அதிர்ச்சியை வாங்கும், கை ஆடும், பந்து திசை மாறும். சறுக்கல் அந்த நிறுத்தத்தைக் கொஞ்ச தூரத்துக்குப் பரப்பிக் கொடுக்கிறது.

எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நிலைமை முற்றிலும் வேறு. லேனின் பலகைகளைக் காக்கவும் பந்தின் போக்கைக் கட்டுப்படுத்தவும் அதன் மேல் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசுகிறார்கள். பெரும்பாலும் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் இருக்கும், கட்டைகளை ஒட்டிய பகுதி காய்ந்திருக்கும். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும் பந்து, காய்ந்த பகுதியில் பிடிப்புக் கிடைத்ததும் வளைந்து திரும்புகிறது. கோட்டைத் தாண்டிக் கால் பட்டால் அந்த வீச்சுக்குப் புள்ளி கிடையாது. புள்ளி போவதைவிடப் பெரிய இழப்பு எலும்பு முறிவு. எண்ணெயில் கால் வைத்தவர் நிற்க முடியாது.

அரை மீட்டரின் கணக்கு

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து சறுக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேகமாக நடக்கும் வேகம்தான் அது. முழு எடையும் சறுக்கும் காலில் இருக்கிறது. ஷூவுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு அவருடைய எடையில் பத்தில் நான்கு பங்கு என்று கொள்வோம். எளிமைக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை.

அவரைப் பின்னால் இழுக்கும் விசை 28 கிலோ எடைக்குச் சமம். அவர் சுமார் 51 சென்டிமீட்டர் சறுக்கி, அரை விநாடியில் நிற்பார். பல மாதப் பயிற்சியில் அவர் உடம்பு இதை மனப்பாடம் செய்திருக்கிறது. கோட்டுக்கு 15 சென்டிமீட்டர் முன்னால் நிற்கும்படி தன் அடிகளை அமைத்திருக்கிறார்.

இப்போது அவருக்கு முன்னால் ஆடிய ஒருவர், தன் ஷூ சரியாகச் சறுக்கவில்லை என்று அடியில் டால்கம் பவுடரைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார். பவுடர் தரையில் படிந்திருக்கிறது. உராய்வு பாதியாகிவிட்டது. நம் ஆள் எதையும் மாற்றவில்லை. வழக்கமான அடி, வழக்கமான வேகம். சறுக்கல் 51 சென்டிமீட்டரிலிருந்து 102 ஆகிறது. அவர் கோட்டைத் தாண்டி 36 சென்டிமீட்டர் தூரத்தில், எண்ணெய்க்குள் இருக்கிறார்.

நேர்மாறான நிலையையும் பார்க்கலாம். யாரோ குளிர்பானக் கோப்பையோடு அணுகுதளத்தில் ஏறியதில் இரண்டு சொட்டுச் சிந்தியிருக்கிறது. சறுக்கும் ஷூவின் அடிப்பாகம் விரல் தோலைப் போலவே ஈரத்தை உறிஞ்சும் ரகம். மென்மையாகித் தரையோடு பொருந்துகிறது. பானத்திலுள்ள சர்க்கரை பசையாகவே வேலை செய்கிறது. உராய்வு இரண்டு மடங்கானால் சறுக்கல் 25 சென்டிமீட்டராகச் சுருங்கும். பின்னிழுக்கும் விசை 56 கிலோ எடைக்குச் சமமாகும். அந்த விசை பாதத்தில், தரைமட்டத்தில் இழுக்கிறது. உடம்பின் எடையோ இடுப்பு உயரத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. ஏழு கிலோ பந்தும் கையோடு சேர்ந்து முன்னால் இழுக்கிறது. ஆள் முகம் குப்புற விழ இது போதும். முட்டியும் இடுப்பும் கணுக்காலும் வாங்கும் அடி வேறு.

இந்தக் கணக்கில் ஒரு வியப்பு உண்டு. ஆட்டக்காரர் ஐம்பது கிலோவாக இருந்தாலும் நூறு கிலோவாக இருந்தாலும் சறுக்கும் தூரம் மாறாது. எடை கூடினால் நிறுத்த வேண்டிய சுமை கூடுகிறது, நிறுத்தும் உராய்வும் அதே அளவு கூடுகிறது. வேகம் கூடினால்தான் ஆபத்து: இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு தூரம்.

கேரம் பலகையில் சரி, இங்கே தவறு

பவுடர் தட்டியவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வழுக்க வேண்டிய இடத்தில் பவுடர் போடுவது நமக்குப் பழகிய செயல். கேரம் பலகையில் போரிக் பவுடரைத் தூவாமல் யாராவது ஆட்டம் தொடங்குவார்களா? இருமுறை உலகச் சாம்பியனான சென்னையின் மரிய இருதயமும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் பவுடர் தூவிய பலகையில்தான் ஆடி வளர்ந்தார்கள். போரிக் பவுடரின் படிகங்கள் தட்டையான அடுக்குகளால் ஆனவை. ஓர் அடுக்கு மற்றொன்றின் மேல் எளிதாக நழுவும். டால்கமும் அப்படியே. இப்படி நடுவில் புகுந்து உராய்வைக் குறைக்கும் பொருளுக்கு உயவுப்பொருள் என்று பெயர்.

கேரத்தில் இது ஏன் பிரச்சினை ஆவதில்லை? பலகை சிறியது. தூவுவது எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண் முன்னால் நடக்கிறது. இருவருக்கும் ஒரே வழுக்கல்தான். துணியால் ஒரு துடை துடைத்தால் பழைய பலகை.

அணுகுதளத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பவுடர் ஷூவின் இழைகளுக்குள் புகுந்து, போகும் இடமெல்லாம் உதிர்கிறது. அடுத்தவருக்கு அது கண்ணில் படுவதில்லை. எல்லா இடத்திலும் சமமாகவும் படிவதில்லை. அழுக்கோடும் ஈரத்தோடும் சேர்ந்து திட்டுத் திட்டாக நிற்கிறது. ஒரே சறுக்கலில் கால் ஓர் இடத்தில் வழுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். முழுவதும் வழுக்கும் தரைக்கு உடம்பு பழகிக்கொள்ளும். மாறி மாறி வழுக்கும் தரைக்கு எந்த உடம்பாலும் பழக முடியாது.

அமெரிக்காவின் பவுலிங் அமைப்பு இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு வழக்கமான தரை கிடைக்காமல் செய்யும் எந்தப் பொருளையும் அணுகுதளத்தில் இடக்கூடாது. டால்கம் பவுடர், நுரைக்கல் பொடி, பிசின் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது அந்த விதி. தரையில் தேய்ந்து ஒட்டும் மென்மையான ரப்பர் அடிகளுக்கும் தடை உண்டு. வழுக்கும் டால்கமும் ஒட்டும் பிசினும் ஒரே தடைப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். தரை எவ்வளவு வழுக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஒருவர் அதைத் தன் வசதிக்கு மாற்றக்கூடாது என்றுதான் சொல்கிறது. இந்த விதியின் அறிவும் அறமும் அங்கேதான் இருக்கின்றன.

தேருக்கு மை, தேருக்குக் கட்டை

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று அது. வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், தேர் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கேட்டால் சக்கரத்தின் பக்கத்தில் சறுக்குக்கட்டையோடு நடந்து வருபவர்களைத்தான் காட்ட வேண்டும். ஓடும் சக்கரத்தின் முன்னால் கட்டையைச் செருகி வேகத்தைக் குறைப்பதும், ஒரு பக்கம் மட்டும் தடுத்துத் தேரின் முகத்தைத் திருப்புவதும் அவர்கள் கையில் இருக்கிறது.

ஒரே தேரில் உராய்வு மூன்று விதமாகத் தேவைப்படுகிறது. அச்சில் உராய்வே இருக்கக்கூடாது, அதற்கு மசகு. மாட்டு வண்டிக்காரர்கள் வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போட்டதும் இதற்காகத்தான். சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே, கட்டைக்கும் சாலைக்கும் நடுவே உராய்வு முழுமையாக இருக்க வேண்டும்; அங்கே எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் கட்டை நழுவித் தெறிக்கும், போடுபவரின் உயிருக்கே ஆபத்து. வீதி முனையில் திரும்பும்போதோ சக்கரம் பக்கவாட்டில் வழுக்க வேண்டும். திருவாரூர் ஆழித்தேரைத் திருப்பும்போது சக்கரங்களுக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் போட்டு, அவற்றின் மேல் மசகு தடவுகிறார்கள். தேர் தகட்டின் மேல் வழுக்கி அடுத்த வீதியைப் பார்த்துத் திரும்புகிறது. திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் திருப்பத்துக்குத் தகடுதான்.

மசகு தகட்டின் மேல் நிற்கிறது, தெருவில் இல்லை. திரும்பி முடிந்ததும் தகட்டை எடுத்துவிடுகிறார்கள். பின்னால் வெறுங்காலோடு வரும் கூட்டத்துக்குப் பழைய தெரு அப்படியே கிடைக்கிறது.

உராய்வைத் தேவைக்கேற்ப அளந்து மாற்றும் கவனம் பழைய எகிப்திலும் இருந்திருக்கிறது. சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன் தெஹுத்திஹோதெப் என்பவரின் கல்லறைச் சுவரில் வரைந்த படத்தில், பெரிய சிலையைச் சறுக்குவண்டியில் வைத்துப் பலர் இழுக்கிறார்கள்; வண்டியின் முன்பக்கத்தில் நிற்கும் ஒருவர் மணலில் ஏதோ ஊற்றுகிறார். அதைச் சடங்கு என்று பலர் நினைத்திருந்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சரியான அளவு ஈரம் பட்ட மணலில் இழுக்கத் தேவையான விசை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஈரம் மணல் துகள்களைப் பிணைத்து இறுக்குகிறது. வண்டியின் முன்னால் மணல் குவிவதில்லை. அளவுக்கு மேல் ஊற்றினால் மறுபடி இழுக்கக் கடினமாகிறது.

ஷூவைத் தொட்டுப் பாருங்கள்

பவுலிங் கூடங்களில் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளோடு, கையில் பாப்கார்னும் பானமுமாகப் போகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கால் நனைந்தும் வருகிறார்கள். அங்குள்ள பணியாளர்கள் வெளிச்செருப்போடு உள்ளே வராதீர்கள் என்று சொல்லும்போது வாடகைக்காகச் சொல்கிறார்கள் என்று பலருக்கும் தோன்றுகிறது. வெளியிலிருந்து வரும் மண்ணும் ஈரமும் அடுத்து ஆடப்போகும் முகம் தெரியாத ஒருவரின் முட்டியைத் தேடிப் போகும் என்பதுதான் காரணம்.

அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் கழிவறைக்கோ உணவு மேசைக்கோ போகும்போது ஷூவின் மேல் உறை மாட்டிக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் அடிப்பாகத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். அணுகுதளத்தின் பின்பகுதியில் நின்று சறுக்கும் காலை மெல்லத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் முதல் பந்தை எடுப்பார்கள். சறுக்கல் போதவில்லை என்றால் அடிப்பாகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அழுக்கை எடுப்பார்கள். அல்லது கழற்றி மாட்டும் அடிப்பாகம் உள்ள ஷூவில் அதிகம் சறுக்கும் ஒன்றைப் பொருத்துவார்கள். தன் ஷூவில் எந்த மாற்றமும் செய்யலாம், அது தரையில் உதிராதவரை. தரை எல்லோருக்கும் பொது.

அடுத்த முறை குடும்பத்தோடு பவுலிங் போகும்போது பானத்தை மேசையிலேயே வைத்துவிட்டு ஏறுங்கள். கோட்டைத் தாண்டிக் கால் பட்டுவிட்டால், ஷூவில் ஒட்டிய எண்ணெயைத் துடைக்காமல் அணுகுதளத்தில் நடக்காதீர்கள். ஒரு சொட்டு எதுவும் சிந்தினால் கைக்குட்டையால் துடைத்து மறைக்க வேண்டாம். ஆட்டத்தை நிறுத்தி, பணியாளரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். அவர் சரியாகத் துடைத்துக் காயவைக்கும்வரை அந்த அணுகுதளத்தில் யாரும் ஏறக்கூடாது என்று பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.